துளையிட்ட ஈய வட்டு: என்னவென்று கண்டுபிடித்த விதம்

உழுது போட்ட நிலத்தில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி மெட்டல் டிடெக்டரோடு நடந்தபோது கிடைத்தது இது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு, நடுவில் துளை. எழுத்து, முத்திரை எதுவும் இல்லை. எடுத்த இடத்தை ஜிபிஎஸ்ஸிலும் ஆழத்தை நோட்டிலும் குறித்துக்கொண்டேன்.

வெறும் தண்ணீரில் மண்ணைப் போக்கியதோடு சரி. பழைய உலோகம் கிடைத்தால் வினிகரில் ஊறப்போடச் சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். மேற்பரப்பு போனால் தடயமும் போய்விடும்.

காந்தம் ஒட்டவில்லை. சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்து ஈயமாக இருக்கும் என்று தோன்றியது. உறுதிசெய்ய அடர்த்தியைக் கணக்கிட்டேன். எடை 34.2 கிராம். அப்புறம் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, வட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்கினேன். தராசு 3.1 கிராம் காட்டியது. அது வட்டு விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் வட்டின் கன அளவும் 3.1தான். எடையை அதால் வகுத்தால் சுமார் 11. ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயம் 7.3தான். மேலே படிந்த வெள்ளைப் பூச்சும் துளையில் ஒட்டிய மண்ணும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆக, ஈயமேதான். அன்றிலிருந்து அதைத் தொட்டால் கைகழுவாமல் எதையும் தொடுவதில்லை.

உலோகம் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. மீன்வலைக் குண்டா, தராசுப் படிக்கல்லா, நூல் நூற்கும் குச்சியான தக்களியின் வட்டா? மூன்றும் இப்படி இருக்கலாம். இங்கேதான் துளையை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். வலையில் கோத்திருந்தால் கயிறு உராய்ந்து விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ஈயம் அவ்வளவு மென்மையானது. இதில் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. துளை ஒரு பக்கம் 9 மில்லிமீட்டர், மறுபக்கம் 8. கூம்பிய குச்சியில் ஏற்றி இறுக்குவதற்கு ஏற்ற சரிவு. காகிதம் சுற்றிய குச்சியில் மெல்லச் செருகிச் சுழற்றியபோது தள்ளாடாமல் நின்று சுழன்றது. எனக்கு ஒரே சந்தோஷம்!

அளவுகளையும், அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, பிறகு நேரில் கொண்டுபோனேன். அங்கிருந்த தொல்லியலாளர் எடுத்ததுமே துளையைத்தான் பார்த்தார். தக்களி வட்டு என்றே அவரும் சொன்னார். இந்த எடைதான் குச்சியைத் தொடர்ந்து சுழல வைத்து நூலை முறுக்கேற்றுகிறது. மெல்லிய நூலுக்கு லேசான வட்டு, தடித்த நூலுக்குக் கனமானது.

காலத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. ஈயத்தில் கரிமம் இல்லை, அதனால் கார்பன் முறை செல்லாது. இந்த எளிய வடிவமும் நூற்றாண்டுக் கணக்கில் மாறாமல் வந்திருக்கிறது. கூடவே கிடைக்கும் மண்பாண்டத் துண்டுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஏர் புரட்டிய நிலத்தில் மண் அடுக்குகள் கலைந்துவிடும், எது எதோடு கிடந்தது என்று தெரியாது. ஆனாலும் நான் குறித்துவைத்த இடத்தைத் தங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். அருகில் இன்னொன்று கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்.

கிளம்பும்போது மரப்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள் என்றார். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்துவிடுமாம். இப்போது அது பாலித்தீன் டப்பாவில், இடக்குறிப்புச் சீட்டோடு இருக்கிறது.