சுமடு இறக்கிய கல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன். கையில் டேப், பையில் நோட்டு, வாயில் ரசவடை. டீக்கடைக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சர்வேக்கு வந்தவியளா? இன்னும் எவ்வளவு தூரம் உள்ளால எடுப்பிய?" என்று கேட்டார். நான்குவழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து எங்கள் குமரி மாவட்டத்தில் டேப் பிடித்தவனைப் பார்த்தாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். இல்லண்ணே, இந்தக் கல்லைப் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் அவருக்கு நிம்மதி, அப்புறம் சந்தேகம். "இதுல என்ன இருக்கு பாக்கதுக்கு? சுமடுதாங்கியாக்கும்."

அதேதான். சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு நீளக்கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். தமிழ்நாடு முழுக்க உண்டு, மலையாளத்தில் அத்தாணி என்பார்கள், எங்கள் பக்கம் சுமடுதாங்கி. நான் பார்த்தது தக்கலையிலிருந்து திங்கள்சந்தை பக்கம் இறங்கும் சின்ன ரோடு ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்த முகத்தில் ஒரு கட்சியின் நிறத்தைப் பூசியிருக்கிறார்கள், அதன் மேல் இன்னொரு கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டிக் கிழித்திருக்கிறார்கள். சின்ன வயசில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இதில் ஏறி உட்கார முயன்று விழுந்திருக்கிறேன். பெஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன், ஏன் இவ்வளவு உயரத்தில் பெஞ்சு போட்டார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உயரம் நாலே முக்கால் அடி. என் நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, நேராக வருகிறது. அந்த உயரம் சும்மா வந்ததில்லை. தலைச்சுமடு தூக்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும், தனியாள் சுமட்டைக் கீழே இறக்கிவிட்டால் தனியாளாகத் திரும்ப ஏற்ற முடியாது, பிடித்துத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத வழியில் கல்தான் அந்த இன்னொரு ஆள். நேராக நடந்து போய், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, சுமட்டைப் பலகைக்கல்லின் மேல் தள்ளிவிட்டால் போதும். மூச்சு வாங்கிவிட்டு, முட்டியை மடக்கித் தலையைக் கீழே கொடுத்து இழுத்தால் மறுபடி தலைக்கு வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம். யாரும் தொட வேண்டாம். தொட்டால் தீட்டு, பக்கத்தில் வந்தாலே தீட்டு என்று அடி கணக்கு வைத்திருந்த ஊரில் இது சின்ன வசதி இல்லை.

சரி, ஒன்றரை மணி நேரம் எதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

பலகைக்கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ரோட்டுப் பக்க விளிம்பு சொரசொரவென்று உளி கொத்திய தடத்தோடு அப்படியே இருக்கிறது. பின்பக்க விளிம்பு வழவழவென்று இருக்கிறது, அம்மிக்கல்லின் நடுப்பகுதி மாதிரி. விரலை வைத்தால் வழுக்குகிறது, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு லேசான பள்ளம்கூட விழுந்திருக்கிறது. மழையும் வெயிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே அடிக்கும்? ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதென்றால் சுமடெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் இப்போது ரோடு இல்லை. ஒரு தென்னந்தோப்பும் அதன் கையாலையும்தான், அதாவது மண்சுவர்.

பின்னால் போய்ப் பார்த்தால் எழுத்தும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக ரோட்டிலிருந்தே பார்த்ததால் எனக்குத் தெரியவே இல்லை. தண்ணீர் ஊற்றி, பழைய டூத் பிரஷால் பாசியைத் துடைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, மேல் வரியில் '௲' என்ற ஆயிரக் குறி தெரிந்தது. அதற்கப்புறம் கல் பெயர்ந்துவிட்டது. கீழ் வரியில் 'ளம்மை' என்று ஒரு பெயரின் வால். அவ்வளவுதான் மிச்சம். இங்கே பழைய கல்லில் வருடம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. கொல்லம் ஆயிரம் என்றால் 1824-25. அப்படியானால் இந்தக் கல் அதற்கு முன்னால் நட்டதாக இருக்க முடியாது.

தோப்புக்குள் கேட்டுவிட்டுத்தான் நுழைந்தேன். இரண்டு கையாலைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து ஒரு இடவழி ஓடுகிறது, இப்போது அதில் சருகும் பிளாஸ்டிக் கவரும் நிறைந்து கிடக்கிறது. மண் வழி இவ்வளவு ஆழமாகப் போக எத்தனை வருடம் எத்தனை பாதம் நடந்திருக்க வேண்டும்! நேராகக் கீழே ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, இறங்கி, வரப்போடு சேர்ந்து, கொளச்சல் திசைக்குப் போகிறது. ரோட்டுக்கும் இதற்கும் நடுவில் இருபதடிகூட இருக்காது. பக்கத்திலேயே ரோடு இருக்கும்போது எதற்கு இன்னொரு வழி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். தோப்பு வீட்டுப் பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க அம்மாச்சி கொளச்சல்ல இருந்து கருவாடும் உப்பும் எடுத்துட்டு இந்த வழிதான் போவும் மக்ளே. ரோட்டுல பெரிய ஆளு வந்தா இறங்கி ஒதுங்கி நிக்கணும்லா. தலையில சுமட்ட வச்சிட்டு எப்பிடி இறங்க?"

இந்த ஒரு கேள்வி எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். தீண்டாமை பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம், சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926இல் சத்தியாகிரகம் நடந்தது தெரியும், 1936இல் திருவிதாங்கூர் அரசு கோயில் கதவைத் திறந்ததும் தெரியும். ஆனால் தலையில் அரை மூட்டை உப்போடு நடக்கிறவள் வழியை விட்டு ஒதுங்குவது எப்படி என்ற கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. ஒதுங்க முடியாதவர்கள் தங்களுக்கென்று ஒரு வழியைத் தேய்த்துக்கொண்டார்கள், அந்த வழியைப் பார்த்தபடி ஒரு கல்லும் நின்றது. இது என் ஊகம்தான். ரோடே பின்னால் வந்தது, பழைய வழி ஒன்றுதான் என்று என் நண்பன் வாதாடுகிறான். வாதாடட்டும், எப்படியானாலும் கல்லின் தேய்மானம் அந்தப் பக்கம்தான்.

கொல்லம் ஆயிரத்துக்குப் பிந்தைய முப்பது நாற்பது வருடங்கள் எங்கள் ஊரில் லேசான காலமில்லை. இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் தென்கோடி, 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஊழியம் என்று ஒன்று இருந்தது. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும், இழுக்க வேண்டும். 1829இல் அரண்மனையிலிருந்து வந்த அறிவிப்பு நாடார் பெண்கள் தோள்சீலை, அதாவது மார்பை மறைக்கும் மேல்துணி, போடக்கூடாது என்று சொன்னதோடு நிற்கவில்லை, ஊழியத்தைப் பழையபடி செய்தாக வேண்டும் என்றும் சொன்னது. அடிமைமுறையை ஒழித்து அறிவிப்பு வந்தது 1855இல். அதுவரை புலையரையும் பறையரையும் நிலத்தோடு சேர்த்து விற்றும் அடகு வைத்தும் இருந்தார்கள். தோள்சீலைக்கு அனுமதி 1859இல். இந்த வருடங்கள் எல்லாம் வரலாற்றுப் புத்தகங்களிலேயே உண்டு, போராட்டமும் கலவரமும் அதனால் வந்த சட்டமும் எழுத்தில் இருக்கின்றன. அன்றாடம் கருப்பட்டியும் ஓலையும் கருவாடும் சுமந்து தொடுவெட்டிக்கும் (இன்றைய மார்த்தாண்டம்) திங்கள்சந்தைக்கும் நடந்தவர்களின் நடை எந்த ஏட்டில் இருக்கிறது?

ஏட்டில் இருப்பவர்களைப் பற்றி எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. பழைய சமணத் தலமான சிதறால் மலைக்கு வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஏறுகிறேன். அங்கே ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சி வருடத்துக் கல்வெட்டு ஒன்று, பகவதிக்குப் பொன் கொடுத்த ஒரு சமணத் துறவிப் பெண்ணின் பெயரைச் சொல்கிறது: குணந்தாங்கி குரத்திகள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர் பாறையில் இன்றைக்கும் படிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம். குணந்தாங்கிக்குப் பாறை கிடைத்தது, வேலி கிடைத்தது, தொல்லியல் துறையின் நீலப் பலகையும் கிடைத்தது. என் சுமைதாங்கியில் 'ளம்மை' மட்டும்தான், அதுவும் நாலு மழைக்கு மேல் தாங்குமா தெரியாது.

அந்த ளம்மை கல்லை நட்டவளா, இல்லை அவளுக்காக நட்டார்களா? தென்தமிழ்நாட்டில் சுமைதாங்கிக்கு ஒரு காரணம் சொல்வார்கள், பிள்ளை வயிற்றோடு இறந்துபோனவளுக்காக நடுவது. இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள், வழிப்போக்கர்கள் இதில் சுமை இறக்கி வைக்க வைக்க அவளுக்கும் இறங்கும் என்று. சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லைத் தேடி செங்கத்துக்கும் தர்மபுரிக்கும் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள், படி எடுத்தார்கள், அச்சிட்டார்கள். நல்ல வேலை. பேறுகாலத்தில் செத்தவளின் கல்லில் சிற்பமும் இல்லை, வாளும் இல்லை, மிஞ்சிப்போனால் ஒரு பெயர். நடுகல் என்றால் அதுவும் நடுகல்தானே?

சும்மாட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. தலைக்கும் சுமட்டுக்கும் நடுவில் துண்டைச் சுருட்டி வைப்பார்களே, அது. ஊழியம் செய்த சாதிகளின் ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, ஆனால் சும்மாடு வைக்க யாரும் தடை சொல்லவில்லை, வைக்காமல் எப்படிச் சுமப்பது. துணி ஒன்றுதான். 1833க்கு அப்புறம் சாமிதோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வரச் சொன்னார், இன்றைக்கும் அங்கே பதியில், அதாவது கோயிலில், ஆண்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்க முத்திரிக்கிணறு வெட்டினார்கள், அதுவும் அங்கே இருக்கிறது. ஒருநாள் சாமிதோப்பில் ஒரு பெரியவர் கும்பிட்டு முடித்து, தலைப்பாகையை அவிழ்த்து உதறி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். சுருட்டிய அந்தத் துண்டு சும்மாடு மாதிரியே இருந்தது. அகழாய்வில் துணி கிடைப்பது அபூர்வம், மண்ணில் மக்கிவிடும். கல் கிடைக்கும், கிணறு கிடைக்கும்.

கல்லும் எப்போதும் கிடைக்கும் என்றில்லை. எட்டு வருடம் முன்னால் வேறொரு இடத்தில் ஒரு சுமைதாங்கியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அடுத்த தடவை போனபோது ஓடைக்குப் பாலம் கட்டியிருந்தார்கள், கல்லைக் காணோம். ஒரு அலுவலகத்துக்கு மனு எழுதினேன், போட்டோ இணைத்தேன். மூன்று மாதம் கழித்து, தாங்கள் குறிப்பிடும் பொருள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பட்டியலில் இல்லை என்பதைச் சொல்லத்தானே ஐயா நானே எழுதினேன். 1958ஆம் வருடத்து மத்தியச் சட்டத்தில் நூறு வருடம் தாண்டியதை நினைவுச்சின்னமாக அறிவிக்க இடம் உண்டு, அதற்கு அரண்மனையாகத்தான் இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது, மாநில எல்லை தாண்டி அக்கறை வரத்தான் செய்கிறது. ரோட்டு எல்லை தாண்டித்தான் வருவதில்லை.

காணாமல் போன அந்தச் சுமைதாங்கியின் பலகைக்கல் என்ன ஆயிற்றென்று கடைசியில் நானே கண்டுபிடித்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு வாசலில் ஓடைக்கு மேல் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டர் ஏற்ற. போட்ட கொத்தனார் பெருமையாகச் சொன்னார், "காங்கிரீட்டை விடத் தாங்கும் சார், பழைய கல்லு." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீங்கள் குமரிப் பக்கம் ஆள் என்றால், உங்கள் ஊர்க் கல்லை ஒரு தடவை போய்த் தடவிப் பாருங்கள். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல், இல்லையென்றால் ஒரு பென்சிலாவது வையுங்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள், ரோடு எந்தப் பக்கம், பழைய வழி எந்தப் பக்கம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எழுத்து இருந்தால் கம்பி பிரஷ் போடாதீர்கள், சாக்பீஸும் தேய்க்காதீர்கள், தண்ணீரும் சாய்ந்த வெளிச்சமும் போதும். இரணியலைத் தாண்டி ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், இன்னொரு கல் சாய்ந்து கிடப்பதாகத் தோப்பு வீட்டுப் பாட்டி சொன்னார். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போகிறேன், வெயில் ஏறினால் எழுத்து தெரியாது. வருகிறவர்கள் சொல்லுங்கள், டீயும் ரசவடையும் என் கணக்கு.