இறகு உதிர்க்கும் பென்குயின்

கப்பல் கேப் டவுனில் ஒரு பகல்தான் நிற்கும் என்றார்கள். டேபிள் மவுண்டனுக்குப் போகலாம் என்றார் என் கணவர். பென்குயின்தான் பார்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

முதலில் ஹௌட் பே போய், அங்கிருந்து படகில் டைக்கர் தீவு. தீவு என்று பெயர்தான். அலை மோதும் ஒரு பாறைத் திட்டு, அதன்மேல் இடம் விடாமல் கடல்நாய்கள். அவை கண்ணில் படும் முன்பே மீன் கவிச்சு வந்துவிட்டது. இவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. படகு ஆடிய ஆட்டத்தில் என் போட்டோக்களில் பாதி வானம்தான். சரி, போகட்டும்.

சைமன்ஸ் டவுனை ஒட்டிய போல்டர்ஸ் கடற்கரை வேறு மாதிரி. பலகை நடைபாதையில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் பென்குயின்கள். 1982-இல் இரண்டே ஜோடிகள் வந்து தொடங்கிய குடியிருப்பாம் இது. கத்தினால் அசல் கழுதைதான். ஜாக்கஸ் பென்குயின் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

ஒன்று மட்டும் புதரோரம் அசையாமல் நின்றது. கிழிந்த தலையணை மாதிரி உடம்பெல்லாம் பிய்ந்து தொங்கும் இறகு. ஒரு கொத்து அலகு நுனியில் ஒட்டிக்கொண்டு, உதறி உதறிப் பார்த்தும் விழவில்லை. ஏதோ நோய் போலிருக்கிறது என்று கைடைக் கூப்பிட்டேன். இறகு உதிர்க்கிறது, அவ்வளவுதான் என்றார். பழையது மொத்தமும் கொட்டிப் புதியது முளைக்க மூன்று வாரம் போல ஆகும். அதுவரை உடம்பில் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காமல் சாப்பாடு ஏது? முன்கூட்டியே மத்தியும் நெத்திலியும் தின்று கொழுத்தால்தான் அந்தப் பட்டினியைத் தாங்கும். இப்போது அந்த மீன்தான் போதவில்லை. 2024-இல் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

"நேரமாச்சு, கப்பல் போயிடும்" என்று இவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில், கிளப்பும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு பலகை. எனக்கு முன்னால் இவர்தான் முட்டி போட்டுக் குனிந்தார்.

"ஒண்ணும் இல்லை" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.