ஐஸ் பெட்டியில் கேஸ் போகவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி பழுதாகியிருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது தோசை மாவுதான். இரவு பெட்டியின் கீழ் அறையில் வைத்த மாவு, விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேல் அறையில் இருந்த கெம்போங் மீனோ கல்லைப் போல் உறைந்தே கிடந்தது. தீபாவளிக்கு மூன்று வாரங்களே இருந்ததால் அம்மா பதறிப்போய், நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்துவிட்டார். வந்தவர் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தார், கேஸை அழுத்திச் சுழற்றும் கம்ப்ரசரின் ஓசையைக் கேட்டார், ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல் கேஸ் போய்விட்டது என்று சொன்னார். நிரப்புவதற்கு 280 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றும், புதுப் பெட்டி வாங்குவதே நல்லது என்றும் கூறிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் ஐஸ் பெட்டிக்கு வரும் எல்லா நோய்க்கும் கேஸ் என்ற ஒரே பெயர்தான். பெட்டியைக் குளிர வைக்கும் அந்தக் கேஸ், மோட்டார் சைக்கிளில் ஊற்றும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவது அன்று. குழாய்களைப் பற்றவைத்து மூடிய சுற்றுக்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் கேஸோடு சேர்ந்து காற்றில் போகும். அதைவிட எளிய கேள்வி ஒன்று எனக்கு உறுத்தியது. கேஸ் இல்லையென்றால் மேலே இருக்கும் மீன் எப்படி உறைகிறது?

அதற்கு விடை காண, இரண்டு கதவுகள் கொண்ட, தானே ஐஸைக் கரைத்துக்கொள்ளும் வகைப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தகைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குளிரை உண்டாக்கும் சுருள் ஒன்றே ஒன்றுதான். அது மேல் அறையின் பின்பக்கப் பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு சிறிய விசிறி அந்தச் சுருளின் வழியே காற்றை இழுத்து, பெரும்பகுதியை மேல் அறைக்கும் கொஞ்சத்தை ஒரு குழல் வழியாகக் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. மேலே மைனஸ் 18 பாகை செல்சியஸும் கீழே 4 பாகையும் இருந்தால் பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது எனலாம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே நுழையும் ஈரம் அந்தச் சுருளின்மேல் உறைபனியாகப் படிகிறது. அதைக் கரைப்பதற்காகச் சுருளின் அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. நாளைக்குச் சில முறை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி அந்த ஹீட்டரை ஓட விடுகிறது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் உறைபனி வளர்ந்து சுருளை மூடிச் சுவராகி, காற்று நுழைய வழியில்லாமல் போய்விடும். அப்போது முதலில் பட்டினி கிடப்பது தொலைவில் இருக்கும் கீழ் அறையே. எங்கள் மாவு புளித்ததும் மீன் உறைந்திருந்ததும் இதனோடு பொருந்தின.

ஒரு காசும் செலவில்லாத சோதனையை முதலில் செய்தோம். பிளக்கைக் கழற்றி, பொருள்களைப் பக்கத்து வீட்டு அக்காவின் பெட்டியில் அடைக்கலம் வைத்துவிட்டு, இரண்டு கதவுகளையும் ஒரு முழு நாள் திறந்தே வைத்தோம். தரையில் விரித்த பழைய கைலிகள் இரண்டும் நனைந்துபோயின. மறுநாள் பிளக்கைப் போட்டதும் பெட்டி புதிதாக வாங்கியதைப் போலக் குளிர்ந்தது. அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னார். நான் நாட்காட்டியில் தேதியைக் குறித்து வைத்தேன். ஒன்பதாம் நாள் மாவு மறுபடியும் பொங்கியது. கரைத்தால் குணமாகி, ஒரு வாரம் பத்து நாளில் நோய் திரும்புகிறது என்றால், குறை ஐஸைக் கரைக்கும் ஏற்பாட்டில்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கேஸ் கசிந்திருந்தால் ஒரு நாள் ஓய்வில் அது திரும்பி வந்திருக்காது.

அன்று மாலை பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் அறையின் பின்தகட்டைத் திறந்தேன். ஐஸில் தகடு ஒட்டிக்கொண்டிருந்தபோது கத்தியால் நெம்ப வேண்டும் என்ற ஆசை எழத்தான் செய்தது. அங்கேதான் பல பெட்டிகள் சாகின்றன, ஏனெனில் சுருள் மெல்லிய அலுமினியத்தால் ஆனது. கத்தி நுனி பட்டால் அப்போது உண்மையிலேயே கேஸ் போய்விடும். மேலும் 1987ஆம் ஆண்டின் மொண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஓசோனைக் கெடுக்கும் பழைய ஆர் 12 கேஸ் கைவிடப்பட்டு, இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ என்னும் ஐசோபியூட்டேன் நிரப்பப்படுகிறது. அது நம் அடுப்பு கேஸுக்கு நெருங்கிய உறவு, தீப்பற்றக்கூடியது. ஆகவே ஒரு கிண்ணத்தில் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி அரைமணி நேரம் காத்திருந்தேன். தகடு தானாக விட்டுக்கொடுத்தது.

உள்ளே நான் கண்டதை எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சுருளின் மேலிருந்து கீழ்வரை இடைவெளியே இல்லாமல் வெள்ளைச் சுவர் எழும்பியிருந்தது. ஐஸ் எங்கே படிந்திருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். சுருள் முழுவதும் கெட்டியாக மூடியிருந்தால் கரைக்கும் ஏற்பாடு பழுது. சுருளின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் படிந்து மீதி வெறுமையாக இருந்தால், கேஸ் குறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். கம்ப்ரசர் ஓடியும் எங்கும் ஐஸே இல்லையென்றால் கேஸ் முற்றிலும் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசர் அழுத்தத்தை இழந்திருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்தத் தகட்டைக் கழற்றியிருந்தால் கேஸ் என்ற சொல் அவர் வாயில் வந்தே இருக்காது.

ஐஸ் முழுதும் கரைந்த பிறகு, மோட்டார் சைக்கிளுக்காக வாங்கிய, மின்தொடர்பை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 380 ஓம் காட்டியது. 240 வோல்ட்டில் அது 150 வாட் ஆகிறது. எனவே ஹீட்டர் உயிரோடிருந்தது. சுருளின்மேல் செருகியிருந்த வெப்ப ஃபியூஸ் மட்டும் தொடர்பே காட்டவில்லை, எரிந்துபோயிருந்தது. ஃபியூஸை மாற்றிவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தவன், அது ஏன் எரிந்தது என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். அதன் பக்கத்திலேயே இருக்கும் தெர்மோஸ்டாட், ஐஸ் கரைந்து சூடேறியதும் ஹீட்டரை நிறுத்த வேண்டியது. குளிரில் மூடி மின்சாரத்தை விட்டும், அறை வெப்பத்தில் திறந்து அதை நிறுத்தியும் இருக்க வேண்டிய அதன் தொடர்பு, எங்கள் சமையலறையின் வெக்கையிலும் மூடியே கிடந்தது. நிறுத்துபவன் தூங்கிவிட்டதால் ஹீட்டர் அளவுமீறிச் சூடாகி, காவலுக்கு இருந்த ஃபியூஸ் தன்னைப் பலி கொடுத்திருக்கிறது.

ஈப்போவில் உதிரிப்பாகக் கடையில் இரண்டும் சேர்ந்து 22 வெள்ளி. புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு, உப்புக் கலந்த ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து வைத்தேன். வெறும் ஐஸ் பூச்சியத்திலேயே நின்றுவிடும், உப்பு சேர்ந்தால்தான் அதற்குக் கீழே இறங்கும். பத்து நிமிடத்தில் அதன் தொடர்பு மூடிக்கொண்டதைச் சொல்லி மீட்டர் கீச்சிட்டது. கடைக்காரர் ஃபியூஸ் வாங்காமல் கம்பியை நேராக இணைத்துவிடலாம் என்றும் யோசனை சொன்னார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கும் நுரையும் சூழ்ந்த ஒரு பெட்டிக்குள் காவலில்லாத ஹீட்டரை வைத்துக்கொண்டு இரவில் தூங்க எனக்குத் துணிவில்லை.

மற்றக் கோளாறுகளில் சில இதைவிட எளியவை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்னால் டிக் என்று ஒலித்து, கம்ப்ரசர் உறுமிவிட்டு அடங்கினால், அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயைப் பிளக்கைக் கழற்றிய பின் பிடுங்கி ஆட்டிப் பாருங்கள்; உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் சில்லு உடைந்திருக்கிறது. கதவு ரப்பரைச் சோதிக்க நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கும் பழைய முறைக்குப் பத்து வெள்ளி நோட்டையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் 2012 முதல் வந்த ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் நல்ல ரப்பரிலும் வழுக்குகிறது. புதிய பெட்டிகளின் பக்கச் சுவர்கள் சூடாக இருப்பது பழுதன்று, வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. சுவரோடு ஒட்டி வைக்காமல் இடம் விட்டால் போதும். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் பெட்டிகளின் மின்பலகையை மட்டும் தொடாதீர்கள், அதிலுள்ள கெபாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கேஸ் ஓடும் குழாய்களும் பயிற்சி பெற்றவர்களுக்கே உரியவை.

பெட்டியை நகர்த்தியபோது இன்னொன்றையும் கண்டேன். கரைந்த நீர் ஒரு துளை வழியாக இறங்கிக் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து ஆவியாக வேண்டும். அந்தத் தட்டில் ஒரு விரற்கடை நீரில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பூந்தொட்டித் தட்டுகளையெல்லாம் வாரந்தோறும் கவிழ்த்து வைக்கும் அம்மாவுக்கு இது பெரிய அவமானமாகிவிட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சுகாதார அதிகாரிகள் வீட்டில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைக் கண்டால் அபராதம் விதிக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, பிளக்கைக் கழற்றிவிட்டு முதலில் அந்தத் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் சாமி விளக்கைத் துலக்கப் போகிறார்.