ஷூ வாங்கியும் நடக்காத மூன்று மாதங்கள்

இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொன்னார் டாக்டர். அப்பாவின் கால்விரலைச் சர்க்கரை நோய் கொண்டுபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அன்று மாலையே ஷூ வாங்கிவிட்டேன். மூன்று மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது.

நடப்பது நல்லது என்று தெரியும், நடக்க வேண்டும் என்றும் மனதார நினைத்தேன். அப்புறம் ஏன் கால் நகரவில்லை? அந்தக் கேள்வி உறுத்தியதால்தான் உளவியல் பக்கம் போய்ப் படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது 'உடல்நல நம்பிக்கை மாதிரி' (Health Belief Model). 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுத்தும் பலர் வரவில்லை. அது ஏன் என்று யோசித்ததில் பிறந்த கோட்பாடு இது. நோய் எனக்கு வரலாம், வந்தால் கடுமையாக இருக்கும், இதைச் செய்தால் தப்பலாம் என்ற மூன்று நம்பிக்கையும் என்னிடம் இருந்தன. நான்காவதாக அது கேட்பது, தடை என்ன என்று. அதை நான் யோசித்ததே இல்லை.

அடுத்து உளவியலாளர் ஐசெக் அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. 1991-இல் வந்த அவருடைய கட்டுரை பிரபலமானது. ஒரு செயலைப் பற்றிய நம் மனப்பான்மை, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, அது நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்துதான் அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை உருவாக்குகின்றன என்கிறார். மூன்றையும் தாளில் எழுதி எனக்கு நானே மதிப்பெண் போட்டேன். மனப்பான்மைக்குப் பத்துக்கு ஒன்பது. எதிர்பார்ப்புக்கு ஆறு. மனைவி தினமும் சொல்வாள், ஆனால் வீட்டில் நடக்கிறவர் ஒருவரும் இல்லை. கடைசிக்கு இரண்டுதான் போட முடிந்தது. முட்டி வலி, வேலை முடிய இரவு எட்டு மணி, ஒரே மூச்சில் 45 நிமிடம் என்ற நினைப்பே மலைப்பு. இவ்வளவு நாளும் சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டைப் பார்த்ததும் திட்டுவதை விட்டேன்.

அதனால் 45-ஐப் பத்து நிமிடமாகக் குறைத்தேன். செய்து முடித்த அனுபவம்தான் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை மற்ற எதையும்விட அதிகமாக வளர்க்கும் என்பது ஆல்பர்ட் பாண்டுராவின் கருத்து. பத்து நிமிடம் முட்டியும் தாங்கியது.

ஆனாலும் பாதி நாள் மறந்தேன். எண்ணம் நன்றாக வலுத்தாலும் நடத்தை அதில் கொஞ்சம்தான் மாறும் என்று 2006-இல் வெப், ஷீரன் என்ற இரண்டு ஆய்வாளர்களும் 47 சோதனைகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த இடைவெளிக்கு பீட்டர் கோல்விட்சர் சொல்லும் வழி, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது. கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. என் விஷயத்தில் திருப்பமே இதுதான். 'மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஷூ போடுவேன்' என்று எழுதினேன். மழை பெய்தால் மாடிப்படி ஏறுவேன் என்று அதன் கீழே இன்னொரு வரி. கை ஈரம் காய்வதற்குள் கால் ஷூவைத் தேடியது. இன்று நடக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே மனதில் எழவில்லை.

நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் நின்றுபோனது. தாளை எடுத்து மறுபடி மதிப்பெண் போட்டபோது, இடையில் ஏறியிருந்த மூன்றாவது மதிப்பெண் நான்குக்கு இறங்கியிருந்தது. சரி என்று ஐந்து நிமிடத்திலிருந்து திரும்பத் தொடங்கினேன். இப்போது மதியம் 15, இரவு 10. வாரத்துக்கு 150 தாண்டுகிறது. போன பரிசோதனையில் 5.9 வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது, அதனால் நடையை எதோடும் கோக்க முடிவதில்லை. இந்த வாரம் 'காலையில் பல் தேய்த்ததும்' என்று மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.