மேல் டேராடூன், கீழ் டேராடூன்

டேராடூனுக்கு மாற்றல் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஸ்வெட்டர் வாங்கியாச்சா?" ஊட்டி, கொடைக்கானல் வரிசையில் இன்னொரு குளுகுளு ஊர் என்று நினைப்பு. உண்மையில் டேராடூன் மலைமேல் இல்லை. வடக்கே இமயமலையின் முதல் வரிசை, தெற்கே சிவாலிக் குன்றுகள், கிழக்கே கங்கை, மேற்கே யமுனை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. ஊர் மையத்தின் உயரம் சுமார் 640 மீட்டர். நம்ம ஓசூரும் பெங்களூரும் இதைவிட உயரமான ஊர்கள். கோடையில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது சாய்ந்து கிடக்கிற நகரம். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வடக்கே பார்த்தால் ராஜ்பூர் ரோடு மலையை நோக்கிப் போகும். ஒரு பத்து கிலோமீட்டரில் பழைய ராஜ்பூர் வந்துவிடும். அதற்குள் முன்னூறு மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். காரில் போனால் தெரியாது, சைக்கிள் மிதித்தால் தொடை சொல்லும். தெற்கே இறங்கினால் வெளியூர்ப் பேருந்து நிலையம், அதைத் தாண்டி கிளெமென்ட் டவுன். வீட்டுத் தரகர் எங்களிடம் எத்தனை அறை வேண்டும் என்று கேட்கவில்லை. "ஊப்பரா, நீச்சேயா?" (மேலேயா, கீழேயா?) என்றுதான் கேட்டார். மேலே போகப் போக வாடகை ஏறும், வெயில் குறையும், மழைத்தண்ணீர் நிற்காது. கீழே வர வர மூன்றும் தலைகீழ். இந்த ஊரில் வாழ்வது நல்லதா கெட்டதா என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது தரகரின் கேள்வியைத்தான்.

எங்களுக்கு அமைந்தது நடுவில், தாலன்வாலாவை ஒட்டிய ஒரு தெரு. பழைய பங்களாக்கள், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் லிச்சி மரங்கள். ஜூன் மாதம் லிச்சி பழுக்கும்போது வௌவால்களை விரட்டுவதற்கு ராத்திரி முழுக்கத் தகர டப்பாவைத் தட்டுவார்கள். தூக்கம் போகும், ஆனால் காலையில் ஒரு கூடைப் பழம் வாசலுக்கு வரும். அந்த லிச்சித் தோப்புகள்தான் இப்போது ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. டேராடூன் பாஸ்மதி என்று பெயர் போன அரிசி விளைந்த வயல்களுக்கும் அதே கதி. கடையில் டேராடூன் பாஸ்மதி என்று சீட்டு ஒட்டி விற்பது எங்கே விளைந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கார அம்மா கட்வால் மலைப்பகுதியில் பௌரி பக்கத்துக்காரர். ஈ.சி. ரோட்டோரம், அதாவது ஈஸ்ட் கெனால் ரோட்டோரம், ஓடிய கால்வாயில் கால் நனைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைச் சொல்வார். அந்தக் கால்வாயை மூடி, மேலே சாலையை அகலமாக்கிவிட்டார்கள். சாலை அகலமானது, நெரிசல் குறையவில்லை. கால்வாய் போனதில் அவருக்கு வருத்தம், கார் நிறுத்த இடம் கிடைத்ததில் அவர் மகனுக்குச் சந்தோஷம். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி.

ஊர் இப்படி வீங்கியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2000 நவம்பர் 9 அன்று உத்தராகண்ட் தனி மாநிலமானபோது டேராடூனைத் தற்காலிகத் தலைநகர் என்றார்கள். மலைக்காரர்கள் கேட்டது மலைமேல் இருக்கும் கைர்சைண். அதைக் கோடைக்காலத் தலைநகர் என்று 2020-ல் அறிவித்தார்கள், ஆனால் கோப்புகளும் அதிகாரிகளும் இன்னும் டேராடூனில்தான். 2011 கணக்கெடுப்பிலேயே ஊரின் மக்கள் தொகை ஐந்தே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்தது. அதற்கப்புறம் முளைத்த குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் ரொம்பப் பழசு என்று தெரியும்.

டெல்லியிலிருந்து வந்து வீடு வாங்குகிறவர்களைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரிய விஷயம் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை மூன்றும் கீழேதான். 2011-க்குப் பிறகு ஆளே இல்லாமல் போன கிராமங்கள் 734 என்று மாநில அரசின் புலம்பெயர்வு ஆணையமே 2018-ல் கணக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கார அம்மா சொல்வார்: "எங்க ஊர்ல இப்போ ரெண்டு கிழவியும் சிறுத்தையும்தான் இருக்கு, பேட்டா. சிறுத்தைக்காவது குட்டி இருக்கு." மழைக்காலம் வந்தால் அவருடைய கைப்பேசி ஓயாது. எந்தச் சாலை அடைபட்டது, யார் வழியில் மாட்டிக்கொண்டார்கள், எந்தப் பாட்டியை எப்படிக் கீழே கொண்டுவருவது. டேராடூனில் பாதி வீடுகளில் ஆகஸ்ட் மாதம் இப்படித்தான் போகிறது.

அப்படி இறங்கி வந்தவர்களால் எங்களுக்கு ஒரு லாபம், சாப்பாடு. மலைச் சாப்பாடு என்று அந்த அம்மா முதல் தடவை கொண்டுவந்து வைத்ததைத் திறந்து பார்த்தால் கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, குதிரைவாலிப் பாயசம்! அவர்கள் மண்டுவா, கஹத், ஜங்கோரா என்கிறார்கள். மூவாயிரம் கிலோமீட்டர் ரயிலில் வந்தது இதற்கா என்று சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்தோம். கொள்ளு சாப்பிட்டால் சிறுநீரகக் கல் கரையும் என்ற நம்பிக்கைகூட இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அங்கே கல் பற்றிய பயம் அதிகம். மலை சுண்ணாம்புக்கல் மலை என்பதால் குழாயில் வருவது நல்ல கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு வந்துகொண்டே இருக்கும், கீசர் அடிக்கடி வாயைப் பிளக்கும், தலைமுடி பற்றி வீட்டில் தனி விவாதமே நடக்கும். துவைத்த வெள்ளைச் சட்டை நாளடைவில் ஒரு மாதிரி சாம்பலாகிவிடும்.

கறிவேப்பிலைக்கு அலைய வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு போனோம். சால் மரக் காட்டோரம் நடக்கப் போனால் அது புதர் புதராகத் தானாக வளர்ந்து கிடக்கிறது. கந்தேலா என்பது உள்ளூர்ப் பெயர். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடையில் நான் அதைப் பறித்துச் சட்டைப் பையில் திணிப்பதைப் பார்த்து, "மத்ராஸி பைஜி மருந்து பறிக்கிறார்" என்று கூட வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். இட்லிக்குப் பொருத்தமான அரிசிதான் கடைசிவரை சரியாக அமையவில்லை.

நடை என்றால் இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் சுமார் 450 ஹெக்டேர். 1929-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்துக்கு முன்னால் நின்றால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே சந்தேகம் வரும். ராஜ்பூரிலிருந்து ஜரிபானி வழியாக, மேலே இருக்கும் மலைவாசஸ்தலமான முசூரிக்குப் பழைய நடைபாதை இருக்கிறது. மூச்சு வாங்கினாலும் காரில் போகிறவனைவிடச் சில சனிக்கிழமைகளில் நடக்கிறவன் சீக்கிரம் போய்ச் சேருவான். முசூரிக்கு அருகே ஹாத்திபாவ்னில், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் வீடு. இங்கே உட்கார்ந்துதான் 1830-களில் இந்திய நில அளவையை அவர் நடத்தினார். அந்த அளவை தொடங்கியது நம்ம பரங்கிமலைப் பக்கம், 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்த ஆதாரக் கோட்டிலிருந்து. சென்னையில் தொடங்கிய வேலை வந்து சேர்ந்த இடத்தில் நிற்கிறோம் என்று கூட வந்த பையனிடம் சொன்னேன். அவனுக்கு மேகி எப்போது என்பதுதான் கவலை. நில அளவைத் துறையின் தலைமையகம் இன்றைக்கும் டேராடூனில்தான், ஹாத்திபர்கலாவில்.

சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேனே, அது தனிக்கதை. வெள்ளி இரவிலிருந்து டெல்லி, ஹரியானா எண்பலகை வண்டிகள் வரிசையாக வரும். முசூரியில் பனி விழுந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் வந்தால் போதும், ராஜ்பூர் ரோட்டில் பால் வாங்கப் போக முடியாது. நாங்கள் இருந்த காலத்தில் டெல்லி விரைவுச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. மோஹண்ட் காட்டுப் பகுதியில் யானைகள் கீழே நடமாட வேண்டும் என்று 12 கிலோமீட்டருக்குத் தூண்கள் மேல் சாலை போட்டார்கள். டெல்லி இரண்டரை மணி நேரம்தான் என்று ஒருவர் பெருமைப்பட்டால், பக்கத்தில் இருப்பவர் தலையில் கை வைப்பார். நான் இரண்டாமவர் கட்சி. ஊருக்குள் போக விக்ரம் என்கிற நீல நிற ஷேர் ஆட்டோக்கள் உண்டு. எண் போட்டு வழி வைத்திருப்பார்கள், முழங்கால் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

குளிர்காலம் பற்றித் தெற்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம் என்பது. வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மொசைக் தரை பாதத்தைக் கடிக்கும். அதனால் ஜனவரியில் பகல் வாழ்க்கை முழுக்க மொட்டை மாடிக்குக் குடிபெயரும். ஆரஞ்சு உரிப்பது, பட்டாணி உரிப்பது, பரீட்சைக்குப் படிப்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் வெயிலில்தான். ராத்திரி வடக்கே பார்த்தால் முசூரியின் விளக்குகள் மலைமேல் வரிசையாகத் தெரியும். அதைப் பார்க்கிற மாதிரி பால்கனி இருந்தால் வாடகையைத் தயங்காமல் கூட்டுவார்கள். கோடைக்கு இப்போது அந்தப் பழைய நல்ல பெயர் இல்லை. 2024 மே கடைசியில் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. ஏ.சி. என்றால் என்னவென்று கேட்ட ஊரில் அந்த வாரம் அது கடையில் கிடைக்கவில்லை.

மழைதான் எனக்குப் பிடித்ததும், பயந்ததும். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல், அதில் பெரும்பங்கு நாலு மாதத்துக்குள். ரிஸ்பனா, பிந்தால் என்று ஊருக்குள் இரண்டு ஆறுகள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் கூழாங்கல்லும் பிளாஸ்டிக்கும்தான். அதனாலேயே அது ஆறு என்பதை எல்லோரும் மறந்து, கரையை விட்டு உள்ளேயே இறங்கி வீடு கட்டிவிட்டார்கள். இறங்கியவர்களில் ஏழைகளும் உண்டு, நம்பர் பிளேட் பளபளக்கும் கார்க்காரர்களும் உண்டு. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் அது அரை மணியில் கீழே வருகிறது. நாங்கள் ஊரைவிட்டு வந்த பிறகு, 2025 செப்டம்பர் 15 இரவு, ஊரை ஒட்டிய சுற்றுலா இடமான சகஸ்ரதாரா பக்கம் பெய்த மழையில் கடைகளும் விடுதிகளும் அடித்துப் போயின. டப்கேஷ்வர் கோயில் குகைக்குள் ஆறு புகுந்தது, பிரேம்நகர் அருகே நெடுஞ்சாலைப் பாலம் சேதமானது. நாங்கள் டீ குடித்த இடங்களைச் செய்தியில் அடையாளம் காண முடியவில்லை. உயிரிழந்தவர்களில் ஆற்றுப் படுகையில் வேலை பார்த்த வெளியூர்த் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. 1980-களில் முசூரி மலையைச் சுண்ணாம்புக்கல்லுக்காகக் குடைந்து வெள்ளையாக்கியபோது உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1985-லும் 1988-லும் வந்த உத்தரவுகளால் பெரும்பாலான குவாரிகள் மூடப்பட்டன, மலை மறுபடி பச்சையாயிற்று. சகஸ்ரதாரா சாலையை அகலப்படுத்தியபோது மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. 2024-ல் கலங்கா காட்டில் குடிநீர்த் திட்டத்துக்காகச் சால் மரங்களுக்கு எண் போட்டபோது மரத்துக்கு மரம் கயிறு கட்டி நின்றார்கள், அரசு பின்வாங்கியது. எங்கள் தெருவிலிருந்து போன ஓய்வு பெற்ற கர்னல் ஒருவருக்கு எண்பது வயதிருக்கும். மூட்டு வலி என்று கடைக்குக்கூடப் போக மாட்டார், அன்றைக்குப் போனார்.

வெளியாள் என்ற நெருடலும் உண்டு, அதை மறைப்பானேன். 2023 டிசம்பர் 24 அன்று நிலச்சட்டமும் பூர்வீக வசிப்பிடச் சான்றும் கேட்டுப் பெரிய பேரணி நடந்தது. நகராட்சி எல்லைக்கு வெளியே வெளி மாநிலத்தார் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள், 2025-ல் சட்டத்தை இறுக்கியும் விட்டார்கள். எங்களிடம் யாரும் கோபப்பட்டதில்லை. "நீங்க வாடகைதானே" என்று சிரிப்பார்கள். வாங்க வந்திருந்தால் அந்தச் சிரிப்பு இருந்திருக்குமா தெரியாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரே யோசனை: வீடு பார்க்க அக்டோபரில் போகாதீர்கள். வானம் நீலமாக இருக்கும், மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், எந்த வீடும் அழகாக இருக்கும். ஆகஸ்டில், நல்ல மழை நாளில் போங்கள். மாடியில் ஏறித் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் போன வருஷம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள், சுவரில் கோட்டைக் காட்டுவார். வயதானவர்கள் கூட இருந்தால் ராஜ்பூர் பக்கம் கொஞ்சம் யோசியுங்கள், எதற்கும் ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகள் படிப்பென்றால் நடுவிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. விலைக்கு வாங்குவதென்றால் நான் வாங்க மாட்டேன். வாடகைக்கு என்றால் நாளைக்கே போவேன். வீட்டில்தான், இந்தத் தடவை தண்ணீர் வடிகட்டி நல்லதாக வாங்கிக் கொடுத்தால் வருகிறோம் என்கிறார்கள்.