நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து

நம்ம மியான்மரில், ஐராவதி டெல்டாவிலும் பகோ பக்கமும் நெல் அறுவடை முடிந்ததும் வயல் சும்மா கிடக்காது. மிச்ச ஈரத்திலேயே உளுந்து போட்டுவிடுவார்கள். பர்மியர் இதை மட்பே என்பார்கள். இதில் பெரும்பங்கு கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் வேகும் இட்லியில் நம்ம ஊர் மண்ணும் இருக்கலாம்.

எல்லாமே ஈரத்தில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணை அமுக்கிப் பாருங்கள். உருண்டை பிடிக்கணும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. சேறாக இருந்தால் விதை அழுகும். வெடிப்பு விழுந்துவிட்டால் பாதிகூட முளைக்காது. ஏக்கருக்கு 10-12 கிலோ விதை போதும்.

முப்பது நாளில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே சிவப்பு என்றால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது. யூரியாவுக்குச் செலவழிப்பது வீண். இலையில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டியதுதான்.

காட்டு உளுந்தின் காய் முற்றியதும் வெடித்துச் சிதறிவிடும். பொறுக்கித் தின்ற காலத்து மனிதர்கள் வெடிக்காத காயையே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அதையே விதைத்தார்கள். பயிர் பழகியது அப்படித்தான். பழைய குணம் முழுக்கப் போகவில்லை. காய் கறுத்த பிறகு வெயிலில் அறுத்தால் சிதறும். பனி காய்வதற்குள் அறுங்கள்.