கேட்குது, ஆனா புரியலை

மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்பார். குரலை உயர்த்தினால் "ஏன் கத்துற, நான் என்ன செவிடா?" என்று கோபம் வரும். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் தினமும் நடக்கிற சண்டை இது. வீம்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உட்செவி பழுதானால் காது இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவிக்குள் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உண்டு. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. சின்னச் சத்தத்தைப் பெருக்கி உள்ளே அனுப்புவது வெளிவரிசைச் செல்களின் வேலை. பெரும்பாலும் முதலில் சாவதும் அவைதான். மனிதக் காதில் செத்தது மறுபடி முளைப்பதில்லை. அவை போனபின் மெல்லிய சத்தம் காதுக்கு எட்டாது, பெரிய சத்தமோ முன்பு போலவே வந்து அறையும். கேட்காததற்கும் காது கூசுவதற்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகிப்போகிறது. தாத்தாவின் "என்ன?", "கத்தாதே" இரண்டுமே நிஜம்.

இன்னொரு சிக்கல், எழுத்துகள். நத்தையின் வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகளுக்கானது. தேய்மானம் அங்கேதான் தொடங்கும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலு கீழ்ச்சுருதியில் இருக்கிறது, அதனால் தப்பிவிடும். ச, த, ட, க ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலித்துணுக்கு மேலே இருக்கிறது. "சட்டையை எடுத்து வை" என்றால் "கட்டையை எடுத்து வை" என்று விழும். பேச்சு வருவது தெரியும், சொல் மட்டும் நழுவும். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும். மெய்யெழுத்து அந்த அளவுக்கு ஏறாது. ஆகவே கத்துவதில் பலன் குறைவு. டிவியை அணைத்துவிட்டு, ஒரு மீட்டருக்குள் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டபின் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்.

காது கேட்கும் அளவைச் சோதித்து வரைந்து தரும் ஆடியோகிராம் தாளை வாங்கி அப்படியே ஃபைலில் செருகிவிடாதீர்கள். இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி; மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது காதுக்கு எட்டத் தேவைப்படும் சத்த அளவு. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் மோசம். சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. வயதால் வரும் குறையில் கோடு சறுக்குமரம் போல வலப்பக்கம் சரியும். உதாரணத்துக்கு 500-ல் 20, 1000-ல் 25, 2000-ல் 40, 4000-ல் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றை மட்டும் சராசரி எடுத்தால் 28. "லேசான குறை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் செய்வதுபோல 4000-ஐயும் சேர்த்தால் 36 தாண்டி "மிதமான குறை" ஆகிறது. ஒரே காது, ஒரே தாள்! அதனால் சராசரியைவிடக் கோட்டின் சாய்வைப் பாருங்கள். 4000-ல் மட்டும் பள்ளம் விழுந்து 8000-ல் மீண்டும் ஏறினால் இரைச்சல் செய்த வேலையாக இருக்கலாம். விசைத்தறிப் பட்டறையிலோ கம்ப்ரசர் பக்கத்திலோ வருடக்கணக்கில் நின்றவர்களிடம் இதை எதிர்பார்க்கலாம்.

இனி காது மிஷின். வாங்கியவர்களில் பலர் அதை அலமாரியில் வைத்துவிடுவதற்குப் பல நேரங்களில் காரணம் மிஷின் மட்டமானது என்பதல்ல, சரியாக ட்யூன் செய்யாதது. மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்வீர்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். விலையைவிட இந்தக் கேள்வி முக்கியம். முதல் வாரம் அமைதியான வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். கல்யாண மண்டபத்துக்கு முதல் நாளே போட்டுக்கொண்டு போனால் மறுநாள் கழற்றி எறியத்தான் தோன்றும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் காற்றுத்துளையைப் பெரிதாக்கச் சொல்லலாம். மிஷின் விசிலடித்தால் மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) சரியாக உட்காரவில்லை, காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது டியூப் வெடித்திருக்கிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைதான் மிஷினுக்குப் பெரிய எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்ற வேண்டும். துத்தநாக பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள். உரித்தபின் ஸ்டிக்கரை மறுபடி ஒட்டி வைத்துப் பெரிய லாபமில்லை. மோல்டை மிஷினிலிருந்து கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம்; டியூபுக்குள் தண்ணீர் முத்து நின்றால் சத்தம் வராது, ஊதி எடுத்துவிடுங்கள். மிஷின் மேல் தண்ணீரே படக்கூடாது.

காதுக் குரும்பியைப் பட்ஸ் உள்ளேதான் தள்ளும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வைத்தியம் வேண்டாம்; சூடு ஒரு ஆபத்து, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இன்னொரு ஆபத்து.

இதுவரை சொன்னது மெல்ல மெல்ல வருகிற குறை. தூங்கி எழுந்ததும் ஒரு காது மட்டும் அடைத்துப்போய், கூடவே இரைச்சல் கேட்டால் கதை வேறு. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குரும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்புவழிக் குறை, அதாவது உட்செவியிலோ செவி நரம்பிலோ பழுது, என்று சந்தேகிக்க வேண்டும். முனகல் எந்தப் பக்கம் போனாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். இப்படித் திடீரென வரும் நரம்புவழிக் குறைக்கு ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். "சளி பிடிச்சிருக்கும், தானா சரியாகும்" என்று சொட்டுமருந்தோடு உட்கார்ந்திருப்பதில் போகிற நாள்கள் அந்த இரண்டு வாரத்திலிருந்துதான் கழிகின்றன.